ஒரு கெஜம், 26 நொடி: தோற்றுப்போன முடிவெல்லாம் தப்பான முடிவா?

கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஆரம்பம் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனா போய் முடியுற இடம் ஆஸ்பத்திரிதான்.

2015, பிப்ரவரி 1. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிளெண்டேல் என்ற ஊர். அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் நடக்கிறது. அந்த நாட்டில் மட்டும் சராசரியாக 11 கோடிக்கும் அதிகமானோர் டிவி முன்னால் இருக்கிறார்கள்.

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28. சியாட்டில் சீஹாக்ஸ் 24.

மிச்சம் இருப்பது 26 நொடி. பந்து சியாட்டில் கையில். கோட்டைத் தொட இன்னும் ஒரே ஒரு கெஜம்.

ஒரு கெஜம்னா மூணு அடி. நம்ம ஆஸ்பத்திரி கட்டிலோட அகலம், அவ்வளவுதான்.

அந்த மூணு அடியைக் கடக்க சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரல் எடுத்த முடிவைப் பற்றி ரசிகர்கள் அன்றிரவே சண்டை போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை.

அந்தச் சண்டையை ஒரு அரசு மருத்துவர் ஏன் இவ்வளவு ஆர்வமாகப் படித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

முதலில் ஆட்டத்தின் விதி. பயப்படாதீங்க, அஞ்சு வரியில் முடிச்சிடலாம்.

இது நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அது டச்டவுன், 6 புள்ளி.

பத்து கெஜம் முன்னேற ஒரு அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் இரண்டு வழி. பந்தை ஒருவர் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். அல்லது குவாட்டர்பேக் என்ற வீரர் அதை முன்னால் நிற்கும் தன் ஆளுக்கு வீசலாம். ஓடுவது ரன். வீசுவது பாஸ்.

வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஓடியவரை மைதானத்துக்குள் மடக்கி வீழ்த்தினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த டைம்அவுட் கேட்க வேண்டும். ஒரு பாதிக்கு மூன்று டைம்அவுட்தான்.

வீசிய பந்தை எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். அந்த நொடியில் வாய்ப்பு கைமாறிவிடும்.

இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. மொத்தச் சண்டையும் இதுக்குள்ளதான்.

*

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். பந்தை முன்னால் வீசலாம் என்ற விதியே ஒரு உயிர்காக்கும் ஏற்பாடாக வந்ததுதான். டாக்டர்னு வந்துட்டா இதைச் சொல்லாமல் போக முடியாது.

1905 வரை இந்த ஆட்டத்தில் பந்தை முன்னோக்கி வீசக் கூடாது. எல்லோரும் கும்பலாகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் இழுத்து, தள்ளி, முட்டி மோதித்தான் முன்னேற வேண்டும். தலையில் சரியான கவசம் கிடையாது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் குறைந்தது 18 இளைஞர்கள் இறந்ததாக அன்றைய பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. கல்லூரிகள் ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தன.

1905 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்தச் சொன்னார். 1906-ல் விதிகள் மாறின. முன்னோக்கி வீசலாம் என்று அனுமதி வந்தது. கும்பல் பிரிந்து ஆட்கள் மைதானம் முழுக்கப் பரவினால் அடிபடுவது குறையும் என்பது ஒரு காரணம்.

1906 செப்டம்பர் 5. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி, கேரல் கல்லூரி என்ற அணியுடன் மோதியது. பிராட்பரி ராபின்சன் என்ற வீரர் சட்டப்படியான முதல் பாஸை வீசினார்.

அது யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி பந்து எதிரணிக்குப் போய்விட்டது. ஆக, வரலாற்றின் முதல் பாஸே தோல்விதான்!

அதே ஆட்டத்தில் அவர் மறுபடியும் வீசினார். இந்த முறை ஜாக் ஷ்னைடர் பிடித்தார், டச்டவுன். முதல் பாஸ் கெட்டுப்போனதும் அந்த அணி பயந்து நிறுத்திக்கொண்டிருந்தால் அந்த இரண்டாவது பாஸ் வந்திருக்காது.

இந்த ராபின்சன் பிற்காலத்தில் என்ன ஆனார் தெரியுமா? மருத்துவர் ஆனார். நம்ம ஆளு!

ஆனாலும் ஓடுவதுதான் வீரம், வீசுவது சூதாட்டம் என்ற பழைய மனப்பான்மை முழுசாகப் போகவில்லை. வீசினால் மூன்று விஷயம் நடக்கலாம், அதில் இரண்டு கெட்டது என்று பழைய பயிற்சியாளர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. 2015-ல் வெடித்த கோபத்துக்கு அடியில் இந்த நூறு வருஷத்து மனப்பான்மையும் இருந்தது.

*

இப்போ மறுபடியும் கிளெண்டேலுக்கு வாங்க.

சியாட்டில் முந்தைய வருட சாம்பியன். டென்வரை 43-8 என்று நொறுக்கியிருந்த அணி. இந்த முறையும் ஜெயித்தால் தொடர்ந்து இரண்டாவது கோப்பை.

முக்கால்வாசி ஆட்டம் முடிந்தபோது சியாட்டில் 24-14 என்று முன்னிலை. கடைசிக் கால்வாசியில் பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி இரண்டு டச்டவுன் பாஸ் வீசி, ஆட்டத்தை 28-24 என்று திருப்பிப் போட்டார். மிச்சம் இரண்டு நிமிடம்.

சியாட்டிலின் குவாட்டர்பேக் ரசல் வில்சன் பந்தை நீளமாக வீசினார். ஜெர்மைன் கியர்ஸ் என்ற வீரரை மால்கம் பட்லர் என்ற புதுப்பையன் தடுத்தான். பந்து தட்டப்பட்டு, கீழே விழுந்து கிடந்த கியர்ஸின் காலில் பட்டு, கையில் பட்டுத் துள்ளி, கடைசியில் அவர் கைக்கே வந்தது. 33 கெஜம் முன்னேற்றம். கோட்டுக்கு ஐந்து கெஜம் பாக்கி.

அடுத்த வாய்ப்பில் பந்து மார்ஷான் லிஞ்ச் கைக்குப் போனது. அவர் ஓடினால் ஒருவரால் மடக்க முடியாது, நாலு பேர் வேண்டும். 2011 ஜனவரியில் அவர் ஓடிய ஒரு ஓட்டத்துக்கு ரசிகர்கள் குதித்த குதியில் பக்கத்தில் இருந்த நில அதிர்வுக் கருவியே அசைந்தது. அப்படிப்பட்ட ஆள்.

லிஞ்ச் நான்கு கெஜம் ஓடினார். டான்டா ஹைடவர் என்ற வீரர் கடைசி நொடியில் மடக்கிவிட்டார். கோட்டுக்கு ஒரு கெஜம்.

கடிகாரம் ஓடுகிறது. சியாட்டில் கையில் ஒரே ஒரு டைம்அவுட். வாய்ப்பு இன்னும் மூன்று. மூன்று புள்ளிக்கு உதைத்துப் பிரயோஜனமில்லை, பின்தங்கியிருப்பது நான்கு புள்ளி.

நீங்கள் பயிற்சியாளர். என்ன செய்வீர்கள்?

டிவி முன்னால் இருந்த அத்தனை பேரும் சொன்ன பதில் ஒன்றுதான். லிஞ்ச் கையில் கொடு!

26 நொடி இருக்கும்போது வில்சன் பந்தை வாங்கினார். லிஞ்ச் கையில் கொடுக்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வெட்டி வந்த ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு வீசினார்.

லாக்கெட்டுக்கு முன்னால் ஒரு உருவம் பாய்ந்தது. மால்கம் பட்லர். சற்று முன்பு கியர்ஸிடம் ஏமாந்த அதே பையன்.

எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்காத ஆள் அவன். சோதனை முகாமுக்கு வந்து சேர்ந்தவன். ஒரு காலத்தில் வறுத்த கோழிக் கடையில் வேலை பார்த்தவன். பயிற்சியின்போது இதே பாஸை இவன்மேல் போட்டுப் பார்த்திருந்தார்கள், அப்போது இவன் கோட்டைவிட்டான். அதை மனதில் வைத்திருந்தான். இந்த முறை பந்து வருமுன்னே போய் நின்றான்.

அவனுடைய தொழில்முறை வாழ்க்கையின் முதல் இன்டர்செப்ஷன் அது. ஆட்டம் முடிந்தது.

*

ஒளிபரப்பில் வர்ணனையாளரே நம்ப முடியாமல் பேசினார். சூப்பர் பௌல் வரலாற்றிலேயே மிக மோசமான முடிவு என்று பத்திரிகைகள் எழுதின. முன்னாள் நட்சத்திரங்கள் ட்விட்டரில் பொரிந்து தள்ளினார்கள். கேரல், பழியை அன்றிரவே தன்மேல் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு பேட்டியில் அவர் ஒன்று சொன்னார். சாராம்சம் இதுதான்: மோசமாக இருந்தது அந்த முடிவு இல்லை, அந்த முடிவுக்குக் கிடைத்த விளைவு.

சாக்குன்னு சிரிச்சாங்க. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் கணக்கைப் பார்த்தேன்.

கேள்வி ஒன்று. பாஸ் அவ்வளவு ஆபத்தா?

அந்தப் பருவம் முழுக்க லீக்கில் ஒரு கெஜத் தூரத்திலிருந்து நூறுக்கும் மேற்பட்ட பாஸ்கள் வீசப்பட்டிருந்தன. அதில் எத்தனை எதிரணி கையில் சிக்கின? பட்லர் பிடிக்கும்வரை, பூஜ்யம்.

கேள்வி இரண்டு. லிஞ்ச் ஓடினால் உறுதியாக டச்டவுனா?

அதே பருவத்தில் அதே ஒரு கெஜத்திலிருந்து லிஞ்ச் ஐந்து முறை ஓடியிருந்தார். கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. ஐந்து முறை சின்னக் கணக்குதான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிச்சிருப்பான் என்று சொல்லவும் முடியாது, இல்லையா?

கேள்வி மூன்று. இதுதான் முக்கியமானது. கடிகாரம்.

முதலில் ஓடி, மடக்கப்பட்டால் கடிகாரம் ஓடும். இருக்கிற ஒரே டைம்அவுட்டைச் செலவழித்தாக வேண்டும். அடுத்ததும் ஓட்டம் என்றால், மடக்கப்பட்டதும் எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்பதற்குள் நேரம் தீர்ந்துவிடலாம். அதனால் அடுத்தது பாஸாகத்தான் இருக்க முடியும். அது எதிரணிக்கும் தெரியும்.

முதலில் வீசி, பந்து தரையில் விழுந்தால்? கடிகாரம் தானாக நிற்கும். டைம்அவுட் பத்திரமாக இருக்கும். பிறகு ஓடலாம், டைம்அவுட் கேட்கலாம், மறுபடியும் ஓடலாம். மூன்று வாய்ப்பும் முழுசாகக் கிடைக்கும், எதிரணியால் யூகிக்கவும் முடியாது.

இன்னொன்று. அந்த நொடியில் பேட்ரியாட்ஸ் கோட்டில் நிறுத்தியிருந்தது ஓட்டத்தைத் தடுக்கும் கனத்த ஆட்களை. கேரல் தரப்பு அதைப் பார்த்துத்தான் இந்த ஒரு வாய்ப்பில் வீசுவோம் என்று போனது.

இப்ப சொல்லுங்க. பைத்தியக்காரத்தனமா?

*

எதிர்க்கட்சி வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதிலும் நியாயம் இருக்கிறது.

வீசுவது சரி. ஆனால் ஏன் அந்த பாஸ்? ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதிக்குள் ஏன் வீச வேண்டும்? ஓரமாக வீசியிருந்தால், தவறினாலும் பந்து வெளியே போய் விழுந்திருக்கும். ஏன் அணியின் முதல்தர ஆளாக இல்லாத லாக்கெட்டுக்கு? பாஸ் போடலாம் என்ற முடிவு ஒன்று, இந்த பாஸைப் போடலாம் என்ற முடிவு இன்னொன்று. முதலாவதைக் கணக்கு காப்பாற்றுகிறது. இரண்டாவதை அவ்வளவு எளிதாகக் காப்பாற்ற முடியாது.

இதுதான் உருப்படியான விமர்சனம். அன்று அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து, வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்கிற விமர்சனம்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக், கையில் டைம்அவுட் இருந்தும் கடிகாரத்தை ஓடவிட்டார். சியாட்டில் டச்டவுன் போட்டிருந்தால், பதிலடி கொடுக்க பிரேடிக்கு நேரமே மிஞ்சியிருக்காது. அன்றிரவு தப்பு செய்தது உண்மையில் பெலிசிக்தான் என்று புள்ளிவிவரக்காரர் பெஞ்சமின் மோரிஸ் ஒரு கட்டுரையே எழுதினார். ஆனால் ரசிகர்களில் பெரும்பாலானோர் அதையே நெஞ்சுறுதி, மேதைமை என்றார்கள்.

ஏன்? அவர் ஜெயிச்சுட்டார்.

இதைவிட அழகான சாட்சி அதே ஆட்டத்தின் முதல் பாதி முடிவில் இருக்கிறது. மிச்சம் ஆறே நொடி. சியாட்டில் பின்தங்கியிருந்தது. பந்து கோட்டிலிருந்து 11 கெஜத்தில். உதைத்தால் மூன்று புள்ளி ஏறக்குறைய நிச்சயம். மைதானத்துக்குள் மடக்கப்பட்டால் நேரம் போய், அந்த மூன்றும் போய்விடும். அப்போதும் கேரல் வீசச் சொன்னார். கிறிஸ் மேத்யூஸ் பிடித்தார். டச்டவுன், 14-14. துணிச்சல் என்று பாராட்டினார்கள்.

அதே ஆள். அதே இரவு. அதே துணிச்சல். ஒன்றுக்குக் கைதட்டல், இன்னொன்றுக்குச் செருப்படி.

நமக்கும் இது புதுசு இல்லை. 2007 டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டி, கடைசி ஓவர். ஹர்பஜனுக்கு ஒரு ஓவர் பாக்கி இருந்தும் தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். பாகிஸ்தானுக்கு நான்கு பந்தில் ஆறு ரன் தேவை. மிஸ்பா பின்னால் தூக்கிய பந்து ஸ்ரீசாந்த் கைக்குப் போனது. அது நாலு அடி தள்ளிப் போயிருந்தால்? தோனியை நாம் என்னவெல்லாம் திட்டியிருப்போம்? அப்போதும் தோனி எடுத்த முடிவு அதே முடிவுதான்.

*

இதற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. விளைவுச் சாய்வு. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்பதை வைத்து மார்க் போடுவது.

1988-ல் ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான உதாரணம் விளையாட்டு இல்லை. அறுவை சிகிச்சை.

55 வயது ஆண். இதய நோய், நெஞ்சுவலி. பைபாஸ் செய்தால் வலி நீங்கும், சராசரி ஆயுள் 65-லிருந்து 70 ஆகும். ஆனால் நூற்றில் எட்டுப் பேர் அந்த அறுவை சிகிச்சையிலேயே இறந்துவிடுவார்கள். மருத்துவர் செய்யலாம் என்று முடிவெடுக்கிறார்.

அறுவை சிகிச்சை வெற்றி என்று சொன்னபோது, முடிவு சரி என்று நல்ல மார்க். நோயாளி இறந்தார் என்று சொன்னபோது, அதே முடிவுக்கு மார்க் குறைந்தது. மருத்துவரிடம் இருந்த தகவலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அது சாதாரண ஜனங்கள், டாக்டர்கள் அப்படிச் செய்வார்களா என்று கேட்கலாம். 1991-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 112 மயக்கவியல் மருத்துவர்களிடம் 21 நோயாளிகளின் விவரம் கொடுத்தார்கள். ஒரே சிகிச்சை விவரம். பாதிப்பு தற்காலிகமானது என்று சிலருக்கு, நிரந்தரமானது என்று சிலருக்கு. நிரந்தரம் என்று படித்தவர்கள், சிகிச்சையே சரியில்லை என்று அதிகமாகச் சொன்னார்கள்.

படிச்ச டாக்டருங்களேதான்.

*

சரி, இப்போ என் கதை. நோயாளிகளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மாவட்டத் தலைநகரிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு அரசு மருத்துவமனையில் நைட் டியூட்டி. நான் எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த டியூட்டி டாக்டர். கூட ஒரு ஸ்டாஃப் நர்ஸ்.

ராத்திரி ஒன்றரை மணி. அறுபதைத் தொடும் ஒரு பெரியவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார், சட்டை முழுக்க வியர்வை. இ.சி.ஜி. எடுத்தேன். பெரிய மாரடைப்பு. வலி ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆஞ்சியோ செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் இரண்டரை மணி நேரம்.

என் கையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருந்தது. அந்த ஊசியைப் பற்றிப் பெரிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது: முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஆயிரம் பேருக்குப் போட்டால் சுமார் 30 உயிர் கூடுதலாகப் பிழைக்கும். அதே ஆயிரத்தில் சுமார் நான்கு பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம் வரும், பெரும்பாலும் மூளையில் ரத்தக் கசிவால்.

போடக் கூடாத காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மனைவியிடமும் மகனிடமும் நல்லது கெட்டது இரண்டையும் சொன்னேன். மெடிக்கல் காலேஜ் இதயநோய் மருத்துவரிடம் போனில் பேசினேன். போடுங்க, என்றார்.

போட்டேன். ஒரு மணி நேரத்தில் வலி குறைந்தது. "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்று பெரியவர் தண்ணீர் கேட்டார்.

விடியற்காலை நான்கரைக்கு வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. அனுப்பி வைத்த இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு. மறுநாள் இறந்துவிட்டார்.

அந்த நான்கு பேரில் ஒருவர் என் கையில் வந்துவிட்டார்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு தம்பி" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பிறகு நடந்த கூட்டத்தில் ஒரு மூத்தவர் கேட்டார். "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை? ஒரு ஆஸ்பிரின் குடுத்து ரெஃபர் பண்ணிட்டுப் போகவேண்டியதுதானே?"

இ.சி.ஜி. என்ன காட்டியது என்று கேட்கவில்லை. வந்து எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம், யாரிடம் பேசினாய் என்று எதுவும் கேட்கவில்லை. லிஞ்ச் கையில் கொடுத்திருக்கலாமே, என்றுதான் கேட்டார்.

இதுவரைக்கும் வருத்தம்தான். இனிமேல் சொல்வதுதான் உண்மையான பிரச்சினை.

மூன்று வாரம் கழித்து இன்னொருவர் வந்தார். நாற்பதுகளில் இருந்தார், கொத்தனார். அதே மாதிரி இ.சி.ஜி. அதே தூரம். ஊசி ஃப்ரிட்ஜில் இருந்தது.

நான் போடவில்லை.

கை வரலைங்க. ஆஸ்பிரினும் மற்ற மாத்திரைகளும் கொடுத்து 108-ல் ஏற்றிவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து, அடைப்பு எடுக்கப்படும்போது விடிந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாரம் ஏறிச் செய்கிற வேலைக்கு அவரால் இனிப் போக முடியாது.

அதற்காக என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. கூட்டம் போடவில்லை. உயிரோட இருக்காரே! அவர் மனைவி எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டில் எது தப்பான முடிவு?

எனக்குத் தெரியும். என்னைக் கும்பிட்ட முடிவுதான் தப்பு.

அதனால்தான் அந்த 26 நொடிச் சண்டையை வரிவரியாகப் படித்தேன். கேரலைக் காப்பாற்ற இல்லை. விளைவை மட்டும் பார்த்து அடித்தால், அடிபட்டவர் திருந்த மாட்டார், பயந்துபோவார். பயந்துபோன பயிற்சியாளர் அடுத்த முறை ஊர் சொல்கிறபடி ஓடச் சொல்வார், தோற்றாலும் திட்டு விழாது. பயந்துபோன டாக்டர் அடுத்த நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார், வழியில் என்ன ஆனாலும் கேள்வி வராது. பயிற்சியாளர் பயந்தால் போவது ஒரு கோப்பை. டாக்டர் பயந்தால் போவது ஒரு கொத்தனாரின் பிழைப்பு.

*

ஒரு எச்சரிக்கை. இதை எடுத்துக்கொண்டு, "எல்லாம் விதி, டாக்டரைக் கேள்வியே கேட்காதீங்க" என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது நேர் எதிர்.

கேளுங்கள். இன்னும் அதிகமாகக் கேளுங்கள். ஆனால் சரியான கேள்வியைக் கேளுங்கள்.

அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது? தெரிந்துகொள்ள வேண்டியதை முயற்சி எடுத்துத் தெரிந்துகொண்டார்களா? வேறு என்ன வழிகள் இருந்தன? ஒவ்வொன்றிலும் நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு? நோயாளியிடமும் குடும்பத்திடமும் சொன்னார்களா? எழுதி வைத்தார்களா? முடிவு சரி என்றாலும் செய்த விதத்தில் குறை உண்டா?

கடைசிக் கேள்விதான் லாக்கெட்டுக்கு வீசிய பாஸ். அதில் கேரல் தப்ப முடியாமல் போகலாம். நானும் என் பெரியவரின் கேஸ் ஷீட்டை அப்படித்தான் மறுபடி பார்த்தேன். ஊசி போட்டது சரி. ஆனால் போட்ட பிறகு, வலி குறைந்த உடனேயே அவரை மேல் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியிருக்க வேண்டும். கொஞ்சம் நிலைமை சீராகட்டும் என்று நான் காத்திருந்தேன். அனுப்பியிருந்தாலும் ரத்தக் கசிவு வந்திருக்கும். ஆனால் ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

இந்தத் தப்பை அந்தக் கூட்டத்தில் யாருமே கண்டுபிடிக்கவில்லை. ஏன் ஊசி போட்டாய் என்று கேட்பதிலேயே நேரம் போய்விட்டது.

இதையே நல்லபடியாக முடிந்த கேஸ்களிலும் கேட்க வேண்டும். அதுதான் யாரும் செய்யாதது. ஒருமுறை சர்க்கரை நோயுள்ள ஒருவர் மேல்வயிறு எரிகிறது என்று வந்தார். புறநோயாளிப் பிரிவில் கூட்டம். இ.சி.ஜி. எடுக்காமல் அல்சர் ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு அப்படியும் வரும் என்று முதல் வருட பயிற்சி மருத்துவருக்குக்கூடத் தெரியும். அடுத்த வாரம் அவர் சிரித்துக்கொண்டே ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்தார். "உங்க கைராசி டாக்டர்!"

அந்தக் கொய்யாப்பழம் எனக்கு இறங்கவில்லை.

*

இப்போது நான் வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அங்கே இதய ஊசி போடும் ஒவ்வொரு முறையும், போடாமல் அனுப்பும் ஒவ்வொரு முறையும், காரணத்தை நாலு வரி கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கிறோம். விளைவு தெரிவதற்கு முன்பே. மாதம் ஒருமுறை அந்த நாலு வரியை மட்டும் எடுத்து வைத்துப் பேசுகிறோம். நோயாளி என்ன ஆனார் என்பதைக் கடைசியில்தான் சொல்வோம்.

நீங்களும் செய்யலாம். பெண்ணுக்கு எந்தக் கோர்ஸ், கடன் வாங்கலாமா, வேலையை விடலாமா, அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா. முடிவெடுக்கும் அன்றைக்கே ஏன் எடுத்தோம் என்று நாலு வரி எழுதி வையுங்கள். நாளைக்கு எது நடந்தாலும், உங்களை நீங்களே அநியாயமாக அடித்துக்கொள்ள மாட்டீர்கள். தப்பித்துக்கொண்டதை அறிவு என்று நினைத்து ஏமாறவும் மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. சமீபத்தில் மறுபடி ஒரு ராத்திரி, அதே மாதிரி இ.சி.ஜி., அதே மாதிரி தூரம். கை கொஞ்சம் நடுங்கியது. பட்டியலைப் பார்த்தேன். குடும்பத்திடம் பேசினேன். நாலு வரி எழுதினேன்.

ஊசி போட்டேன். போட்டு ஆம்புலன்ஸிலும் ஏற்றினேன்.

அவர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா?

அதைச் சொல்ல மாட்டேன். முதலில் சொல்லுங்கள், நான் செய்தது சரியா?